வாசலில் நின்றுபோன பிள்ளைகள்: ப்ரோவர்ட் கவுண்டியின் மீத்திறன் வகுப்புகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் ‘கிஃப்டட்’ எனப்படும் மீத்திறன் வகுப்புகள் குறித்த சண்டை பல பத்தாண்டுகளாக ஓயவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடம் வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசுச் செலவில் தனிப் பள்ளி நடத்தும் ஏற்பாடு இது என்கிறது மறு தரப்பு. இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இரு தரப்பும் தேர்வையும் கட்-ஆஃப் மதிப்பெண்ணையும் பிடித்துக்கொண்டுதான் இழுக்கிறார்கள். அந்தத் தேர்வு எழுத யாரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்கு அபூர்வமாகத் தெளிவான பதில் கிடைத்த இடம் ஃபுளோரிடா மாநிலத்தின் ப்ரோவர்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி).

மயாமிக்கு வடக்கே, ஃபோர்ட் லாடர்டேல் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பகுதி அது. கவுண்டி முழுக்கப் பொதுப் பள்ளிகளை நடத்துவது ஒரே பள்ளி மாவட்டம், அதாவது ஒரே கல்வி நிர்வாக அமைப்பு. நாட்டின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்களில் ஒன்று. பணக்காரக் கடற்கரை ஊர்களும் ஏழைக் குடியிருப்புகளும் புதிதாகக் குடியேறிய குடும்பங்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. 2005-ல் இந்த மாவட்டம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு சிறு திறனறித் தேர்வு நடத்தத் தொடங்கியது. மீத்திறன் வகுப்பில் சேரும் தகுதி விதியில் ஒரு புள்ளியும் மாற்றவில்லை. அப்படியிருந்தும் ஏழைப் பிள்ளைகளும் கருப்பின, ஹிஸ்பானிய (லத்தீன் அமெரிக்க வழிவந்த) பிள்ளைகளும் அந்த வகுப்புகளில் முன்பு இல்லாத எண்ணிக்கையில் வந்து உட்கார்ந்தார்கள். 2010-ல் கையில் பணமில்லை என்று தேர்வை நிறுத்தினார்கள். பழைய இடைவெளி அப்படியே திரும்பி வந்தது.

பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இந்த மாவட்டத்தின் தரவுகளை வைத்து 2016-ல் வெளியிட்ட இரண்டு கட்டுரைகள்தான் இங்கே நமக்கு முக்கிய ஆதாரம். (கார்ட் 2021-ல் நோபல் பரிசு வாங்கியவர், அது தொழிலாளர் சந்தை பற்றிய ஆய்வுகளுக்காக.)

விதி என்ன சொன்னது

மத்திய அரசு அளவில் மீத்திறன் கல்விக்குக் கட்டாயச் சட்டம் கிடையாது. 1988-ன் ஜாவிட்ஸ் சட்டம் ஆராய்ச்சிக்கும் முன்னோடித் திட்டங்களுக்கும் கொஞ்சம் பணம் தருவதோடு சரி. மற்றதெல்லாம் மாநிலங்களின் பாடு. ஃபுளோரிடா இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட மாநிலங்களில் ஒன்று. அங்கே மீத்திறன் கல்வி, உடல், மனக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வியோடு ஒரே நிர்வாகத் தலைப்பின் கீழ் வருகிறது. தகுதி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகக் கல்வித் திட்டம் எழுதியாக வேண்டும். பள்ளி விரும்பினால் தரலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

தகுதிக்கு முக்கிய நிபந்தனை ஐக்யூ, அதாவது நுண்ணறிவு ஈவு. சராசரியை விட இரண்டு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு) மேலே, அதாவது 130. மக்கள்தொகையில் 100-க்கு இரண்டு பேருக்குச் சற்று மேல்தான் அந்த உயரத்தில் இருப்பார்கள். எழுத்துத் தேர்வாகக் கூட்டமாக உட்கார வைத்து இதை அளக்க முடியாது. ஓர் உளவியலாளர் ஒரு குழந்தையோடு தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் செலவழித்துச் செய்ய வேண்டிய வேலை. அதோடு குழந்தையின் ஆர்வம், படைப்பாற்றல் போன்றவற்றை மதிப்பிட்டு நிரப்பும் படிவமும் உண்டு.

எல்லாக் குழந்தைகளும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை என்பது மாநிலத்துக்குத் தெரியாமல் இல்லை. அதற்காக ‘பிளான் பி’ என்று ஒரு மாற்று வழி வைத்திருந்தது. வருமானம் குறைந்ததால் இலவசமாகவோ சலுகை விலையிலோ மதிய உணவு பெறும் பிள்ளைகள், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்கு மாவட்டங்கள் குறைந்த மதிப்பெண்ணை நிர்ணயிக்கலாம். ப்ரோவர்டில் அது 116.

காகிதத்தில் பார்த்தால் தாராளமான விதி. ஆனாலும் 2005-க்கு முன் மாவட்டத்து மாணவர்களில் பாதிக்கு மேல் கருப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் இருக்க, மூன்றாம் வகுப்பில் மீத்திறன் முத்திரை பெற்றவர்களில் அவர்கள் 28 சதவீதம்தான். கதவைத் தாழ்வாக வைத்தும் உள்ளே வர ஆளில்லை என்றால், கதவுக்கு வெளியே நடப்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பரிந்துரை என்ற வடிகட்டி

ஐக்யூ தேர்வுக்கு ஒரு குழந்தை போக வேண்டுமானால் யாராவது அதன் பெயரைச் சொல்ல வேண்டும். வகுப்பு ஆசிரியர் சொல்லலாம், பெற்றோர் கேட்கலாம். விதிப்புத்தகத்தில் ஒற்றை வரியாக இருக்கும் இந்த ஏற்பாடுதான் உண்மையான நுழைவுத் தேர்வாக வேலை செய்தது.

ஆசிரியர் பக்கத்தை முதலில் பார்ப்போம். இருபத்தைந்து ஏழு வயதுப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் ஒருவரின் கண்ணில் எந்தக் குழந்தை கெட்டிக்காரனாகப் படும்? கையை உயர்த்துகிறவன், சரளமாக ஆங்கிலம் பேசுகிறவன், வீட்டுப்பாடத்தை ஒழுங்காகக் கொண்டுவருகிறவன், வீட்டில் வாசித்த புத்தகத்தைப் பற்றி வந்து சொல்கிறவன். ஸ்பானிய மொழியில் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் சொல்லத் தயங்கி வாயை மூடிக்கொள்ளும் குழந்தை அந்தப் பட்டியலில் வராது. பாடம் அலுத்துப்போய் பக்கத்துப் பையனை நோண்டிக்கொண்டிருக்கும் குழந்தை வேறொரு பட்டியலில் போய்ச் சேரும். ஆசிரியர் கெட்டவர் என்று இதற்குப் பொருள் இல்லை. திறனைத் தேடச் சொன்னால் மனிதக் கண் முதலில் வளர்ப்பைத்தான் பார்க்கிறது.

இதை ப்ரோவர்டுக்கு வெளியேயும் அளந்திருக்கிறார்கள். ஜேசன் கிரிஸம், கிறிஸ்டோபர் ரெடிங் இருவரும் தேசிய அளவிலான தரவை வைத்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கணக்கிலும் வாசிப்பிலும் ஒரே அளவு மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை ஒப்பிட்டாலும் கருப்பினப் பிள்ளைகள் மீத்திறன் வகுப்புக்குப் போகும் வாய்ப்பு வெள்ளையரை விடக் குறைவு என்று தெரியவந்தது. ஆசிரியரும் கருப்பினத்தவராக இருந்த வகுப்புகளில் அந்தக் குறை பெருமளவு மறைந்தது. குழந்தையின் மூளையில் எந்த மாற்றமும் இல்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்றவர் மட்டும் வேறு.

பெற்றோர் பக்கம் இன்னும் கூர்மையானது. இப்படி ஒரு வகுப்பு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் தைரியம் வேண்டும். பள்ளி உளவியலாளரின் வரிசை நீளமாக இருந்தால், சொந்தக் காசில் வெளியே ஒருவரிடம் தேர்வு வைத்து முடிவைக் கொண்டுவந்து கொடுக்கலாம். மாநில விதி அதை ஏற்றுக்கொள்ளும். முதல் தடவை 126 வந்தால் வேறொருவரிடம் மறுபடி முயலலாம். எந்த ஐக்யூ தேர்விலும் சில புள்ளிகள் முன்னே பின்னே ஆகும் பிழை இயல்பாகவே உண்டு. ஆகவே இரண்டு மூன்று முறை எழுதி அதில் சிறந்ததைக் காட்ட முடிகிற குடும்பத்துக்கு 130 என்பது உண்மையில் 130 அல்ல. ஒரே ஒரு தடவை எழுதும் பிள்ளைக்குத்தான் அது முழு உயரம். பிளான் பி பற்றிக் கோபப்படுகிறவர்கள் இந்த மறைமுகச் சலுகையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட துறை இது. அதன் தொடக்கமே அந்த நம்பிக்கைக்கு ஒரு குட்டு வைத்தது. உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-ல் கலிபோர்னியாவில் மேதைக் குழந்தைகளைத் தேடித் தன் புகழ்பெற்ற நீண்டகால ஆய்வைத் தொடங்கியபோது அவரும் ஆசிரியர் பரிந்துரையில்தான் ஆரம்பித்தார். பிறகு ஐக்யூ தேர்வு. அந்தத் தேடலில் கட்-ஆஃபைத் தொடாமல் விடுபட்டவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் உண்டு. இருவரும் பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்கள். டெர்மன் பொறுக்கி எடுத்த ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. கருவியும் தவறும், கருவியைக் கையில் வைத்திருப்பவரும் தவறுவார். இரண்டில் எது பெரிய தவறு என்பதைப் பிரித்துப் பார்க்க ப்ரோவர்ட் உதவுகிறது.

2005: எல்லோருக்கும் ஒரு தாள்

மாவட்டம் தேர்ந்தெடுத்தது நாக்லியெரி சொல்லற்ற திறனறித் தேர்வு. வகுப்பறையிலேயே எல்லோரையும் உட்கார வைத்து நடத்தலாம். அரை மணி நேர வேலை. தாளில் கேள்வி வாக்கியங்கள் இருக்காது. நீலமும் மஞ்சளுமாகச் சில வடிவங்கள்: ஒரு வரிசையில் வட்டத்துக்குள் சதுரம், அடுத்த வரிசையில் சதுரத்துக்குள் முக்கோணம் என்று ஓர் ஒழுங்கு ஓடும், ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும். கீழே உள்ள ஐந்து வடிவங்களில் அங்கே பொருந்துவது எது என்று குழந்தை கண்டுபிடிக்க வேண்டும். படிக்கவே தெரியாத குழந்தையும் இதை எழுதலாம்.

இந்தத் தேர்வில் தேறியதும் மீத்திறன் வகுப்பில் இடம் கிடைத்துவிடாது. இதில் 130 எடுத்தவர்களும், பிளான் பி-க்கு உரியவர்களில் 115 எடுத்தவர்களும் அடுத்த கட்டமான முழு ஐக்யூ தேர்வுக்கு அனுப்பப்படுவார்கள். அங்கே பழைய அளவுகோல்தான். பழைய வழியும் மூடப்படவில்லை. ஆசிரியரும் பெற்றோரும் வழக்கம்போல் பரிந்துரைக்கலாம். ஆக மாற்றம் ஒன்றே ஒன்று. ஆசிரியரின் கண்ணுக்கும் பெற்றோரின் குரலுக்கும் பக்கத்தில், யாரையும் தெரியாத ஒரு தாளும் பரிந்துரை செய்யும்.

வந்த விளைவு ஆய்வாளர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பின்தங்கிய பொருளாதாரப் பின்னணிப் பிள்ளைகளில் மீத்திறன் தகுதி பெற்றவர்களின் விகிதம் 180 சதவீதம் உயர்ந்தது. ஹிஸ்பானியப் பிள்ளைகளிடையே 130 சதவீதம், கருப்பினப் பிள்ளைகளிடையே 80 சதவீதம் உயர்வு. சதவீதக் கணக்கில் ஓர் எச்சரிக்கை தேவை: அடித்தளம் மிகச் சிறியது என்பதால் எண் பெரிதாகத் தெரிகிறது. 100-க்கு ஒன்றிரண்டு பேர் இருந்த இடத்தில் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். இடைவெளி மூடிவிடவில்லை, வெள்ளைப் பிள்ளைகளின் விகிதமும் ஓரளவு ஏறத்தான் செய்தது. இத்தனைக்குப் பிறகும் மிஞ்சிய இடைவெளி, ஏழு வயதுக்குள்ளேயே வறுமை செய்துவிடும் வேலையின் அளவு. அதைப் பள்ளியின் தேர்வு முறை எதுவும் அழிக்காது.

புதிதாகக் கண்டெடுக்கப்பட்டவர்கள் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவர்களில் பலர் ஏழைக் குடியிருப்புகளில் உள்ள பள்ளிகளில் படித்தவர்கள். முன்பு மீத்திறன் பிள்ளைகள் அரிதாகவே அடையாளம் காணப்பட்ட பள்ளிகள் அவை. கட்-ஆஃபை நூலிழையில் தொட்டவர்கள் மட்டுமல்ல, தாராளமாகத் தாண்டியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். தேர்வு வராமலிருந்தால் அந்த மதிப்பெண் யாருக்கும் தெரிந்திருக்காது, அந்தக் குழந்தைக்கும்தான். இன்னொன்று: பெண் குழந்தைகளும் பழைய முறையில் குறைவாகவே பரிந்துரைக்கப்பட்டிருந்தார்கள். இனம், வருமானம் என்றே பேசிக்கொண்டிருந்தவர்கள் யாரும் தேடாத கண்டுபிடிப்பு அது.

தரத்தைக் குறைத்தார்களா?

இந்தக் கட்டுரைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழும் ஆட்சேபம் இது. பிளான் பி-யில் 116 போதும் என்றால், உள்ளே வந்தவர்களை மீத்திறனாளர் என்று எப்படிச் சொல்வது? புள்ளிவிவரப்படி 116 என்பது ஏறத்தாழ 100-க்கு 14 பேர் எட்டும் உயரம். 130-லிருந்து அது வெகு தூரம். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் பிளான் பி 2005-ல் வந்ததல்ல. முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. அது இருந்தபோதும் பலன் தராமல் கிடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. சலுகைக்கு உரிய குழந்தையின் பெயரை யாரும் சொல்லாவிட்டால் சலுகை இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். பல மாவட்டங்கள் தகுதி விதியை மட்டும் தளர்த்திவிட்டு, எண்ணிக்கை ஏறவில்லையே என்று ஏன் கையைப் பிசைகின்றன என்பதற்கும் இதுவே விளக்கம்.

தேர்வின் தன்மை பற்றிய ஆட்சேபத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்க வேண்டும். சொற்கள் இல்லாத தேர்வு என்றால் வளர்ப்பின் சாயலே இல்லாத தேர்வு என்று நினைப்பது தவறு. தேர்வு அளவியல் அறிஞர் டேவிட் லோமன் இதை நெடுங்காலம் வாதிட்டார். வடிவப் புதிர்களும் பழக்கத்தால் கூடும். அதோடு, வகுப்பறையில் பாடம் வாசித்தும் எழுதியும்தான் நடக்கிறது, வடிவங்களை நிரப்பி அல்ல. சொல்லற்ற தேர்வை மட்டுமே வைத்து ஆளெடுத்தால் அந்தப் பாடத்துக்குத் தயாராக இருக்கும் சிலரை விட்டுவிடுவோம். ப்ரோவர்டில் அது முதல் சல்லடையாக மட்டும் இருந்ததால் இந்தக் குறை பெரிதாகக் கடிக்கவில்லை.

உள்ளே போனவர்களுக்கு என்ன கிடைத்தது

இங்கேதான் கதை எனக்கு மிகவும் சுவாரசியமாகிறது. நியாயம் பற்றிப் பேசும் பலர், வகுப்பில் இடம் கிடைத்தாலே நன்மை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதைச் சோதித்துப் பார்த்தன கார்ட், ஜூலியானோ இருவரின் இரண்டாவது கட்டுரையும், அதற்கு முன் 2014-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வறிக்கையும்.

ப்ரோவர்டில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில் மீத்திறன் தகுதி பெற்ற குழந்தை ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தப் பள்ளி அதற்காகத் தனி வகுப்பு திறக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு வகுப்பறை எப்படி? மிச்ச நாற்காலிகளை, முந்தைய ஆண்டு மாநிலத் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களை வைத்து வரிசைப்படி நிரப்ப வேண்டும். அவர்களுக்கு ஐக்யூ தேர்வு தேவையில்லை, முத்திரையும் கிடையாது. பாடத்தில் நன்றாகச் செய்தவர்கள், அவ்வளவுதான். இருபதுக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகள் கொண்ட வகுப்பில், பல பள்ளிகளில், பெரும்பாலோர் இப்படி வந்தவர்கள்.

முடிவு தலைகீழாக இருந்தது. 130 தாண்டி வந்தவர்களின் வாசிப்பு, கணக்கு மதிப்பெண்களில் அந்த வகுப்பால் அளக்கத்தக்க உயர்வு இல்லை. 116 வழியாக வந்தவர்களிடமும் இல்லை. மதிப்பெண் வரிசையில் மிச்ச நாற்காலிக்கு வந்தவர்கள்தான் முன்னேறினார்கள். அதிலும் கருப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகள். அவர்களுடைய முன்னேற்றம் ஏறத்தாழ அரைத் திட்ட விலக்கம். சராசரியில் நிற்கும் ஒருவரை 100 பேரில் 50-வது இடத்திலிருந்து சுமார் 69-வது இடத்துக்கு ஏற்றும் அளவு அது. கல்வி ஆய்வில் இதில் கால்வாசி வந்தாலே கொண்டாடுவார்கள். ஆறாம் வகுப்பு வரையாவது அந்த உயர்வு தங்கியது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு அதே நாற்காலியில் பெரிய மாற்றமில்லை. அவர்களை இழந்த மற்ற வகுப்புகளில் மதிப்பெண் சரிந்ததற்கும் அடையாளம் இல்லை. தனி வகுப்புக்கு எதிராக வழக்கமாக வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு அதுதான்.

ஏன் இப்படி? இந்தப் பிள்ளைகள் சாதாரண வகுப்பில் தங்கள் திறனுக்குக் கீழேதான் செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியரின் தாழ்ந்த எதிர்பார்ப்பும் சகமாணவர்களின் அழுத்தமும் அவர்களை அமுக்கிக்கொண்டிருந்தன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. பாடத்திட்டத்தில் மந்திரம் எதுவும் இல்லை. நன்றாகப் படிப்பது கேலிக்குரியதாக இல்லாத ஓர் அறை கிடைத்தது.

இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துப் படித்தால் ஆய்வாளர்கள் நேரடியாகச் சொல்லாத ஒன்று எனக்குப் புலப்படுகிறது. ஏழைப் பகுதிப் பள்ளியொன்றில் சல்லடைத் தேர்வு ஒரு மீத்திறன் குழந்தையைக் கண்டெடுக்கிறது. விதிப்படி அந்தப் பள்ளி தனி வகுப்பு திறக்க வேண்டும். அந்த ஒரு குழந்தையைச் சாக்கிட்டு, முத்திரை இல்லாத ஏறத்தாழ இருபது பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். பெரிய லாபம் அவர்களுக்குத்தான். அப்படியானால் பரிந்துரை முறை தவறவிட்ட ஒவ்வொரு குழந்தையோடும் ஒரு வகுப்பறையே திறக்காமல் போயிருக்கலாம். அநியாயத்தை ஆள்கணக்கில் எண்ணினால் இது கண்ணில் படாது.

இதையே திருப்பிப் போட்டு, ‘அப்படியென்றால் ஐக்யூ எதற்கு? மதிப்பெண் வரிசையே போதாதா?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நாடு முழுக்கப் பார்த்த வேறு ஆய்வுகளிலும் மீத்திறன் திட்டங்களால் மதிப்பெண்ணில் வரும் சராசரிப் பலன் சிறியதே. பெரும்பாலான இடங்களில் அது வாரத்தில் சில மணி நேரம் பிள்ளைகளைத் தனியே கூட்டிப்போய்ப் புதிர் போட வைப்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்காக இத்தனை மல்லுக்கட்டுவது ஏன் என்று வெளியாருக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

2010

பொருளாதாரச் சரிவுக்குப் பின் அமெரிக்காவெங்கும் பள்ளி மாவட்டங்கள் செலவைச் சுருக்கின. ப்ரோவர்டில் வெட்டுப்பட்டவற்றில் இந்தச் சல்லடைத் தேர்வும் ஒன்று. தாளை அச்சடித்துத் தருவது பெரிய செலவில்லை. அதில் தேறுகிறவர்கள் அத்தனை பேருக்கும் உளவியலாளர் தனித்தனியே மணிக்கணக்கில் உட்கார வேண்டுமே, அதுதான் செலவு. யாரையும் ஒதுக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. பட்ஜெட்டில் ஒரு வரியை நீக்கினார்கள்.

இன, வருமான இடைவெளி முன்பிருந்த அளவுக்கே திரும்பியது. ஒரு கொள்கை வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஆய்வாளருக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது: போட்டார்கள், ஏறியது, எடுத்தார்கள், இறங்கியது. ஐந்தாண்டு அந்தத் தேர்வு நடந்த பள்ளிகளில் ஆசிரியர்களின் கண்ணும் பழகியிருக்கும், அவர்களே இனி அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பரிந்துரைப்பார்கள் என்று ஒருவர் நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கை பொய்த்தது. பரிந்துரை செய்யும் பழக்கம் பயிற்சியால் மாறும் என்று சொல்லிப் பயிலரங்கு நடத்துகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கலாம்.

செலவைக் குறைக்கும்போது எது எளிதில் போகும் என்பதையும் பார்க்க வேண்டும். வகுப்பு நின்றிருந்தால் மறுநாளே பெற்றோர் கூட்டம் பள்ளி நிர்வாகக் குழுவின் வாசலில் நின்றிருக்கும். சல்லடைத் தேர்வு நின்றபோது நஷ்டப்பட்டவர்களுக்குத் தாங்கள் நஷ்டப்பட்டதே தெரியாது.

நியூயார்க்கின் வேறு வழி

ஒரே தேர்வு, ஒரே கட்-ஆஃப் என்றால் நியாயம் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு நியூயார்க் நகரம் பாடம். அங்கே நகரத்துக்குள் இருக்கும் சிறு பள்ளி மாவட்டங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முறை வைத்து மீத்திறன் வகுப்புக்குப் பிள்ளைகளை எடுத்துவந்தன. மைக்கேல் புளூம்பெர்க் மேயராக இருந்த காலத்தில், 2008-ல், நகரம் முழுக்க ஒரே தேர்வு வந்தது. எழுதியவர்கள் நான்கு வயதுக் குழந்தைகள். நோக்கம் நேர்மையானதுதான்: உள்ளூர்ச் செல்வாக்கு எடுபடக் கூடாது, எல்லோருக்கும் ஒரே கோடு.

விளைவு எதிர்மாறாக வந்தது. கருப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளின் பங்கு குறைந்தது. சில ஏழைப் பகுதிகளில் ஒரு வகுப்பு திறக்கும் அளவுக்குக்கூடப் பிள்ளைகள் தேறவில்லை; அங்கே இருந்த வாய்ப்பும் போயிற்று. காரணம் ப்ரோவர்டோடு ஒப்பிட்டால் விளங்கும். நியூயார்க்கில் தேர்வு எல்லோருக்கும் திறந்திருந்தது. ஆனால் எல்லோருக்கும் நடத்தப்படவில்லை. பெற்றோர் பெயர் கொடுத்துக் குழந்தையைக் கூட்டிவர வேண்டும். நான்கு வயதுக்கு முன்பே அதற்குப் பயிற்சி தரும் வகுப்புகள் முளைத்தன. 2013-ல் பயிற்சிக்கு எளிதில் மசியாது என்ற எண்ணத்தில் ப்ரோவர்ட் பயன்படுத்திய அதே நாக்லியெரி தேர்வைச் சேர்த்தார்கள். பயிற்சி வகுப்புகள் அதற்கும் புத்தகம் போட்டன. ஒரே கருவிதான்; ஓரிடத்தில் கதவைத் திறந்தது, இன்னோரிடத்தில் திறக்கவில்லை.

அதே ஆண்டு இன்னொரு கூத்தும் நடந்தது. மதிப்பெண் கணக்கிட்ட பியர்சன் நிறுவனம், குழந்தையின் வயதை நாள் வரை பார்க்காமல் ஆண்டு, மாதக் கணக்கோடு நிறுத்தியது போன்ற பிழைகளால் ஏறத்தாழ 2,700 குழந்தைகளுக்குத் தகுதி இல்லை என்று தவறாகத் தெரிவித்துவிட்டது. நான்கு வயதில் சில நாள் வித்தியாசம் ஒரு குழந்தையை மீத்திறனாளி ஆக்குகிறது, இல்லாவிட்டால் சாதாரணன் ஆக்குகிறது என்றால், நாம் அளப்பது எதை என்று நின்று யோசிக்க வேண்டாமா?

2021 ஜனவரியில் நகரக் கல்விக் கொள்கைக் குழு தேர்வு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மேயர் பில் டி பிளாசியோ திட்டத்தையே படிப்படியாக முடிப்பதாக அறிவித்தார். அடுத்து வந்த எரிக் ஆடம்ஸ் 2022-ல் அதைத் திருப்பிப்போட்டு விரிவாக்கினார். மூன்றாம் வகுப்பில் புதிதாக 1,000 இடங்கள், ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 சதவீதத்தினருக்கு அழைப்பு. அரசியல் கூச்சலில் இந்தக் கடைசிப் பகுதி கவனிக்கப்படாமல் போனது. நகரம் முழுமைக்கும் ஒரே கோடு போடாமல், அந்தந்தப் பள்ளிக்குள் மேலே இருப்பவர்களைக் கூப்பிடுவது. பெற்றோர் கேட்கும்வரை காத்திராமல் கடிதம் அனுப்புவது. நான்கு வயதோடு நிறுத்தாமல் எட்டு வயதிலும் கதவை அகலமாகத் திறந்ததும் சேர்ந்து, முந்தைய முறையை விட நியாயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

எடுத்துவிட்டால்?

மீத்திறன் வகுப்பையே ஒழித்துவிட்டால் பாகுபாடும் ஒழியுமே என்ற வாதம் வலுவான வாதம். அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு மிக அருகில் வரும் சோதனை சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. 2014-ல் அந்தப் பள்ளி மாவட்டம் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா கற்பிப்பதை நிறுத்தியது. எல்லோரும் ஒன்பதாம் வகுப்பில்தான் எடுக்க வேண்டும். உயர்நிலைக் கணக்கில் இன இடைவெளி குறையும் என்பது எதிர்பார்ப்பு. பின்னர் வந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு, மேல்நிலைக் கணக்கு வகுப்புகளில் அந்த இடைவெளி பெரும்பாலும் மாறாமல் இருந்ததைக் காட்டியது. பணம் இருந்தவர்கள் வெளியே படித்துவிட்டு வந்தார்கள். 2024 மார்ச்சில் வாக்காளர்கள் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிப் பெரும்பான்மையில் வாக்களித்தார்கள். அது அறிவுரைத் தீர்மானம்தான் என்றாலும் சேதி சேர்ந்தது.

ஒரு மாவட்டத்தை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் பொதுப் பள்ளியில் மேல்பாடத்தை எடுத்துவிட்டால் அதை வேறெங்கும் வாங்க வழியில்லாத பிள்ளைதான் முதலில் இழக்கிறது. ப்ரோவர்டில் மிச்ச நாற்காலியில் உட்கார்ந்து அரைத் திட்ட விலக்கம் ஏறியதும் அதே பிள்ளைதான். ஆகவே ஒழிப்பதைவிட, உள்ளே வரும் வழியை மாற்றுவதற்கே என் ஓட்டு.

அந்தத் திசையில் சில மாநிலங்கள் சத்தமில்லாமல் நகர்ந்திருக்கின்றன. வட கரோலினாவில் 2018-ல் வந்த சட்டப்படி, மாநிலக் கணக்குத் தேர்வில் உச்ச நிலை மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அடுத்த ஆண்டு உயர்நிலைக் கணக்கில் தானாகவே இடம் தர வேண்டும். 2023-ல் டெக்சஸ் இதே போன்ற சட்டம் போட்டது. ஐந்தாம் வகுப்பில் மேல் 40 சதவீதத்தில் வரும் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் உயர்நிலைக் கணக்கில் சேர்க்கப்படுகிறார்கள். ஆசிரியர் பரிந்துரைக்க வேண்டாம், பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டாம், புதிதாக ஒரு தேர்வும் வேண்டாம். ஏற்கெனவே எழுதிய தேர்வின் மதிப்பெண் கோப்பில் கிடக்கிறது. ப்ரோவர்டின் சல்லடையைக் கவிழ்த்த உளவியலாளர் செலவு இங்கே கிடையாது. வேண்டாம் என்கிற பெற்றோர்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.